இது என்ன? அப்புறம் என்ன?

தமிழ்ப்பள்ளிகளின் முதலாம் ஆண்டு வகுப்புகளில் கட்டடம் மாறியிருக்கிறது, மேசை நாற்காலி மாறியிருக்கிறது, பாடத்திட்டம் பலமுறை மாறியிருக்கிறது. மாறாமல் இருப்பது சுவரில் தொங்கும் எழுத்து அட்டைதான். அ என்றால் அணில், ஆ என்றால் ஆடு, உ என்றால் உரல், ஒ என்றால் ஒட்டகம். அந்த அணிலின் முதுகில் மூன்று வெள்ளைக் கோடுகள் இருக்கும். எங்கள் செமோர் பக்கம் ரப்பர் மரத்திலும் ரம்புத்தான் மரத்திலும் ஓடுகிற அணிலுக்கு முதுகில் கோடு கிடையாது. வயிறு மட்டும் செம்பழுப்பாக இருக்கும். உரலைப் பெரும்பாலான பிள்ளைகள் பார்த்ததில்லை. ஒட்டகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள்.

படம் வேறு ஊர்ப் படமாக இருக்கிறதே என்ற குறை பழைய குறை. அதை எங்களுக்கு முந்தைய தலைமுறை ஆசிரியர்களே சொல்லிவிட்டார்கள். என்னை உறுத்துவது வேறொன்று. அட்டையில் இருக்கும் அணில் எதுவுமே செய்வதில்லை. ஓடவில்லை, கொறிக்கவில்லை, யாருக்கும் பயப்படவில்லை. ‘இது என்ன?’ என்று டீச்சர் கேட்கும்போது ‘அணில்’ என்ற பதிலாக இருப்பதற்காக மட்டுமே அது அங்கே உட்கார்ந்திருக்கிறது. பதில் வந்ததும் அதன் வேலை முடிந்தது. நம் முதல் வகுப்புகளில் படத்துக்கு நாம் கொடுத்த வேலை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக இவ்வளவுதான். இது எப்படி வந்தது, படத்துக்கு வேறு வேலை கொடுத்தால் வகுப்பறையில் என்ன ஆகிறது என்பதைப் பற்றியே இங்கே எழுத நினைக்கிறேன். சிறு பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பவள் என்ற முறையில் இது என் அன்றாடப் பிரச்சினையும்கூட.

தமிழ்ப் பிள்ளைகளின் படிப்பு நெடுங்காலம் காதால் நடந்த படிப்பு. திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை எழுதி, வாயால் உரக்கச் சொல்லி, அப்புறம் ஆத்திசூடி, கொன்றை வேந்தன் என்று மனப்பாடம் போகும். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1790களில் சென்னையில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை நடத்திக்கொண்டிருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த மணல் எழுத்தையும் மாணவன் மாணவனுக்குக் கற்பிக்கும் வழக்கத்தையும் பார்த்து எடுத்துக்கொண்டார். 1797இல் அதை இங்கிலாந்தில் புத்தகமாக வெளியிட்டார். அங்கே அதற்குச் ‘சென்னை முறை’ என்றே பெயர் வந்தது. சட்டாம்பிள்ளை லண்டனுக்குப் போன கதை இது.

அந்த முறையில் படம் கிடையாது. ஆனால் அதைக் குறையாக மட்டும் பார்க்கக் கூடாது. ஒலி இருந்தது, தாளம் இருந்தது, கூட்டமாகச் சொல்லும் சுகம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1850களின் தொடக்கத்தில் பாலபாடங்களை அச்சில் கொண்டுவந்தபோது, எழுத்திலிருந்து சொல்லுக்கும் சொல்லிலிருந்து சிறு வாக்கியத்துக்கும் அங்கிருந்து கட்டுரைக்கும் ஏறுகிற படிகளைக் கட்டினார். தமிழில் ஒழுங்கான வாசகப் புத்தகம் என்ற எண்ணம் வேர்பிடித்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் படிக்கட்டும் சொல்லால் கட்டியதுதான்.

படம் அச்சில் வந்தது மிஷனரிகள் வழியாக. 1858இல் தொடங்கப்பட்ட கிறிஸ்தவத் தாய்மொழிக் கல்விச் சங்கம், ஜான் மர்டாக்கின் பொறுப்பில், இந்திய மொழிகளில் மலிவான பள்ளிப் புத்தகங்களை வெளியிட்டது. மரக்கட்டையில் செதுக்கிய படங்கள் பாடப் பக்கங்களுக்குள் நுழைந்த காலம் அது. பாடத்தின் தலையில் ஒரு படம், கீழே பாடம். படம் பாடத்துக்கு அலங்காரம், அல்லது சாட்சி.

ஐரோப்பாவில் இந்த வேலை இருநூறு ஆண்டு முந்தியே ஆரம்பித்திருந்தது. 1658இல் நியூரம்பெர்க் நகரில் கொமேனியஸ் என்ற செக் நாட்டு ஆசிரியர் உலகத்தையே படங்களாக அடுக்கி ஒரு புத்தகம் போட்டார். குழந்தைகளுக்கான முதல் படப்புத்தகம் என்று பலரும் அதைத்தான் சொல்வார்கள். அதிலும் பெரும்பகுதி ‘இது மரம், இது மீன், இது தச்சன் பட்டறை’ என்று பெயர் சொல்லும் படங்கள்தான். ஆனால் அதன் தொடக்கப் பக்கத்து எழுத்து வரிசையில் ஒரு விசேஷம் இருக்கிறது. முதல் எழுத்துக்கு அவர் வைத்த படம் காக்கை. காக்கையின் பெயர் அந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதற்காக வைக்கவில்லை. காக்கை கத்தும்போது அந்த எழுத்தின் ஒலி வருகிறது என்பதற்காக வைத்தார். ஆட்டுக்குட்டி கத்துவது அடுத்த எழுத்து. பிள்ளை பறவையைப் பார்த்து, அது போலக் கத்தி, அந்தக் கத்தலை எழுத்தாகப் பார்க்கிறது. படம் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, வாயைத் திறக்கிறது. இந்த வழி நம் அட்டைகளுக்கு வரவில்லை. பெயர் சொல்லும் வழிதான் வந்தது.

இனி இந்த நாட்டுக்கு வருகிறேன். மலாயாவில் தமிழ் வகுப்பு 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கியதாகச் சொல்வது வழக்கம். ஆனால் பெரும்பாலான தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்பது தோட்டப் பள்ளிக்கூடம்தான். பேராக்கின் கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட ரப்பர் கன்றுகள், இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் கிந்தா பள்ளத்தாக்கு முழுக்கப் பரவின. ஈயம் எடுத்த இடம் போக மிச்சமெல்லாம் ரப்பர் என்ற நிலை. ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட் போகும் பழைய சாலையில் செமோர் அப்படி உருவான ஊர்: ஒரு பக்கம் சுண்ணாம்பு மலை, ஒரு பக்கம் ஈயக்குட்டை, நடுவில் தோட்டங்கள், ஒரு ரயில் நிலையம். 1912இன் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைத்துக் கொடுக்க வேண்டும் என்றது. சட்டத்துக்காக ஒரு கொட்டகை எழும்பும். கங்காணியோ கிராணியோ, கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்த யாரோ, வாத்தியார் ஆவார். பல தோட்டங்களில் காலையில் மற்ற வேலையைப் பார்த்துவிட்டு வந்து பாடம் நடத்தியவர்கள் உண்டு. ஒரே அறையில் எல்லா வகுப்பும். இருந்த ஒன்றிரண்டு புத்தகங்களும் சென்னையிலிருந்து கப்பலில் வந்தவை.

அந்தப் புத்தகங்களில் ஏற்றம் இறைப்பவர் இருந்தார், மாட்டு வண்டி இருந்தது, பனைமரம் இருந்தது. படிக்கிற பிள்ளை விடியுமுன் அம்மாவும் அப்பாவும் பெரட்டுக்குப் போனதும், ஆயாக் கொட்டகையில் தம்பியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்த பிள்ளை. அதற்குத் தெரிந்த உலகம் நிரை நிரையாக நிற்கும் பால்மரம், மங்கு, வாளி, ஸ்டோரில் பால் நிறுக்கும் தராசு. இந்த இரண்டு உலகமும் ஒரே மேசையில் சந்தித்துக்கொள்ளாமலே இருந்தன.

1956இன் ரசாக் அறிக்கை இதற்கு ஒரு விடை சொன்னது. எந்த மொழிப் பள்ளியாக இருந்தாலும் பாடத்தின் உள்ளடக்கம் மலாயாவைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்றது. தேசிய மொழிக்கு அது கொடுத்த இடத்தைப் பற்றி நமக்கு ஆயிரம் விவாதம் இருக்கலாம். ஆனால் பாடப்புத்தகத்தின் படங்களைப் பொறுத்தவரை அது ஒரு திருப்பம். தமிழ்ப் புத்தகங்களில் ரப்பர் மரம் வந்தது, நாசி லெமாக் வந்தது, அலி, ஆ சோங், முத்து என்று மூவரும் கைகோத்து நடந்தார்கள். 1983இல் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் நாடு முழுக்க வந்தபோது வாசிப்பு, எழுத்து, கணக்கு என்ற மூன்றுக்கும் அழுத்தம் கூடியது. பயிற்றுத் துணைப்பொருள் என்ற பெயரில் மின்னட்டைகளும் படங்களும் வகுப்புக்குள் குவிந்தன. பின்னால் வண்ணமும் வந்தது.

படம் ஊர்ப் படமாயிற்று, வண்ணப் படமாயிற்று. கேள்வி மட்டும் அதே ‘இது என்ன?’தான். பால்மரத்தின் படத்தைக் காட்டி ‘இது என்ன?’, ‘ரப்பர் மரம்’ என்றால், அந்த மரமும் பழைய அட்டையின் ஒட்டகமும் ஒன்றுதான். இரண்டும் எழுத்துக்கு வேலைக்காரர்கள்.

இதே கிந்தா பள்ளத்தாக்கை வேறொரு விதமாக வரைந்து காட்டியவர் லாட். கோப்பேங் அருகே கோத்தா பாருவில் 1951இல் பிறந்தவர். 1979இல் வந்த அவருடைய ‘கம்போங் பாய்’ ஒரு மலாய்க்காரப் பையனின் பிள்ளைப் பருவத்தைப் படமும் கொஞ்சம் எழுத்துமாகச் சொல்கிறது. அதில் ஈயம் தோண்டும் கப்பல் வருகிறது. அது ‘ஈயக்கப்பல்’ என்று பெயர் சொல்லிவிட்டுப் போவதற்காக வரவில்லை. பையன்கள் அதன் பின்னால் மண்ணலசப் போகிறார்கள், திட்டு வாங்குகிறார்கள், கடைசியில் ஊரே அந்தக் கம்பெனிக்குப் போய்விடுமோ என்ற நிலை வருகிறது. எழுத்து ஒன்றைச் சொல்லும், பக்கத்திலேயே படம் அதைக் கிண்டல் செய்துகொண்டிருக்கும். ஈப்போவில் எந்த வீட்டுக்குப் போனாலும் பெரியவர்களும் அதை எடுத்துப் புரட்டிச் சிரிப்பதைப் பார்க்கலாம். அந்த ஈயக்குட்டைக்கு அந்தப் பக்கம் லயத்தில் இருந்த தமிழ்ப் பிள்ளையின் காலைப்பொழுதும் அதே அளவு வரையத்தக்கதுதான். பால்மரத்துக் கதைகளைப் பெரியவர்களுக்கு எழுதிய எழுத்தாளர்கள் நமக்கு உண்டு. ஆறு வயதுப் பிள்ளை பக்கம் புரட்டிப் பார்க்கிற மாதிரி வரைந்து கொடுக்கத்தான் நமக்குத் தோன்றவில்லை.

படம் கதை சொல்வது என்றால் என்ன என்பதற்கு நான் ஆசிரியப் பயிற்சியில் எப்போதும் காட்டுவது ஓர் ஆங்கிலப் புத்தகம். பாட் ஹட்சின்ஸ் 1968இல் எழுதி வரைந்த ‘ரோசிஸ் வாக்’. மொத்தம் 32 சொற்கள், ஒரே வாக்கியம். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டு வீடு திரும்புகிறது. எழுத்தில் அவ்வளவுதான். படத்திலோ ஒரு நரி பக்கத்துக்குப் பக்கம் அதைப் பிடிக்கப் பாய்கிறது. ஒருமுறை மண்வாரியில் மிதித்து மூக்கில் அடி வாங்குகிறது, ஒருமுறை குளத்தில் விழுகிறது, ஒருமுறை மாவு மூட்டை தலையில் கொட்டுகிறது. கோழி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நரி என்ற சொல் புத்தகத்தில் ஓர் இடத்திலும் இல்லை.

இதைத் தமிழில் சொல்லி முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். முதல் இரண்டு பக்கம் அமைதி. மூன்றாவது பக்கத்தில் ஒரு பையன் எழுந்து நின்றுவிட்டான்.

“டீச்சர், பின்னால நாய்! கோழியப் புடிக்கப் போவுது!”

“நாய் இல்லடா, மூசாங்” என்றாள் பக்கத்தில் இருந்தவள். அவள் தாத்தா வீட்டில் கோழி வளர்க்கிறார்கள். கோழியைப் பிடிக்க வருவது மரநாய்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“அது நரி. வடை கதையில வருமே, அந்த நரி” என்றது பின்வரிசை.

நான் நரியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த பக்கம் திருப்புவதற்கு முன் கேட்டது ஒரே கேள்வி: “அப்புறம் என்ன ஆகும்?” அன்று அந்த வகுப்பில் வாயே திறக்காதவள் என்று பெயர் எடுத்திருந்த ஒரு பெண்பிள்ளை, “கோழிக்குத் தெரியும் டீச்சர். சும்மா தெரியாத மாதிரி நடக்குது” என்றாள். அது சரியா தவறா என்று அரை மணி நேரம் சண்டை நடந்தது. முழுக்கத் தமிழில் நடந்தது. அதுதான் எனக்கு முக்கியம்.

ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தமிழ் படிக்க வருகிற பிள்ளைக்கு ஒரு பள்ளம் வாசலிலேயே இருக்கிறது. வீட்டில் பேசுவது ஒன்று, புத்தகத்தில் எழுதியிருப்பது இன்னொன்று. ‘பூன மரத்துல ஏறுது’ என்று வருகிற பிள்ளையை ‘பூனை மரத்தில் ஏறுகிறது’ என்ற கரைக்குக் கொண்டுபோக வேண்டும். இப்போது இங்கே வீட்டுத் தமிழிலேயே பாதி மலாய், பாதி ஆங்கிலம். பிள்ளை வாயைத் திறந்ததும் நாம் செய்வது திருத்துவது. ‘ஏறுது இல்ல, ஏறுகிறது.’ ‘மூசாங் இல்ல, மரநாய்.’ திருத்தத் திருத்தப் பிள்ளை ஒற்றைச் சொல் பதிலுக்குப் போய்விடுகிறது. ஒற்றைச் சொல்லில் தவறு வராது பாருங்கள். ‘இது என்ன?’ ‘அணில்.’ எழுத்து அட்டை இவ்வளவு காலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அது பிள்ளையின் பேச்சுத்தமிழை வகுப்புக்குள் வரவிடாமல் பாதுகாப்பாக வெளியே நிறுத்திவைக்கிறது. பெயர்ச்சொல்லுக்குப் பேச்சு, எழுத்து வேறுபாடு குறைவு. வினைச்சொல் வந்தால்தான் வம்பு.

படப்புத்தகத்தில் வினை இல்லாமல் பேச முடியாது. ஓடுது, விழுது, ஒளியுது, பார்க்கவே இல்ல. பிள்ளை தன் சொந்தத் தமிழில் முழு வாக்கியம் பேசியாக வேண்டும். பேசட்டும் என்று விடுகிறேன். பேசியதை அப்படியே அவர்கள் முன்னால் பலகையில் எழுதுகிறேன். மறுநாள் அதே புத்தகத்தை எடுத்து, “புத்தகத்துல இத எப்படி எழுதுவாங்க?” என்று கேட்கிறேன். ‘விழுது’ பக்கத்தில் ‘விழுகிறது’ வந்து உட்காரும். திருத்தம் என்று இல்லை, ஒரே வீட்டின் இரண்டு வாசல் மாதிரி. பேச்சிலிருந்து எழுத்துக்குப் போகும் பாலம் இலக்கணத்தில் தொடங்குவதில்லை, பிள்ளைக்குச் சொல்லியே ஆக வேண்டிய ஒரு விஷயம் இருப்பதில் தொடங்குகிறது. படம் அந்த விஷயத்தைக் கொடுக்கிறது.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. நியூசிலாந்தின் டான் ஹோல்டவே, வீட்டில் மடியில் வைத்துக் கதை சொல்லும்போது பிள்ளைக்குக் கிடைப்பது வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் புத்தகத்தைப் பெரிதாக்கினார். எல்லாருக்கும் தெரியும்படி நிறுத்திவைத்து, விரலால் வரியைத் தொட்டுச் சேர்ந்து வாசிக்கும் முறை அது. 1979இல் வந்த அவர் புத்தகத்துக்குப் பிறகு ‘பெரிய புத்தகம்’ உலகெங்கும் பரவியது. 1988இல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்டும் அவர் குழுவும் இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று கற்றுக்கொடுத்தார்கள்: படப்புத்தகத்தை வாசித்துக் காட்டுவதைக் குறைத்து, கேள்வி கேட்டு, பிள்ளை சொல்வதைக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லுங்கள். ஒரு மாதத்திலேயே அந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்றவர்களைவிடக் கணிசமாக முன்னேறியிருந்தது. பிள்ளை ‘நாய்’ என்றால் ‘ஆமா, நாய் கோழி பின்னால ஒளிஞ்சு ஒளிஞ்சு வருது’ என்று திருப்பிக் கொடுப்பதுதான் அந்த வித்தை. கதை கேட்கிற பிள்ளை ‘ம்’ கொட்டும், ‘அப்புறம்?’ என்று கேட்கும், பாட்டி கதையை நீட்டுவாள் என்பது நமக்குத் தெரியாததா? தெரிந்ததைப் பள்ளிக்கூட வாசலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போனோம்.

சரி, தமிழில் புத்தகம் எங்கே? இந்தக் கேள்விக்கு நெடுநாள் பதில் இல்லாமல் இருந்தது. இந்தியாவில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1957இல் சிறுவர் புத்தக அறக்கட்டளையைத் தொடங்கினார். அதே ஆண்டு தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட் பின்னர் நேரு பால புஸ்தகாலயா வரிசையில் வண்ணப்படப் புத்தகங்களைப் பல மொழிகளில் மலிவு விலைக்குக் கொண்டுவந்தது. மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக வந்த ரஷ்யப் படக்கதைகளைத் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே ஞாபகம் வைத்திருக்கிறது. குழந்தை எழுத்தாளர் சங்கத்தை 1950இல் தொடங்கிய அழ. வள்ளியப்பாவின் காலத்தில் பாட்டும் கதையும் செழித்தன. ஆனால் படமும் எழுத்தும் ஆளுக்குப் பாதி சொல்லும் புத்தகம் தமிழில் தொடர்ந்து வரத் தொடங்கியது 1990களில்தான். சென்னையில் தாரா, 1996இல் தூலிகா. பிறகு 2004இல் பெங்களூரில் பிரதம் புக்ஸ், மிகக் குறைந்த விலையில் பல மொழிகளில்.

அப்போதும் செமோருக்கு அவை எட்டவில்லை. விலையைவிடத் தபால் செலவு அதிகம். ஈப்போ கடைகளில் தமிழ்ச் சிறுவர் நூல் என்று கேட்டால் பயிற்சிப் புத்தகத்தை எடுத்துத் தருவார்கள். 2015இல் பிரதம் ‘ஸ்டோரிவீவர்’ என்ற இணையத் தளத்தைத் திறந்து, புத்தகங்களை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம் என்று விட்டதுதான் எங்களுக்கு வாசல் திறந்த நாள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தபோது அரசாங்கம் பள்ளிகளுக்கு மடிக்கணினியும் படவீழ்த்தியும் கொடுத்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து தமிழைக் குறைக்கிறது என்று நாங்கள் எதிர்த்த திட்டம். திட்டம் போய்விட்டது, படவீழ்த்தி வகுப்பில் தங்கிவிட்டது. அதில் தமிழ்ப் படக்கதை சுவரளவு பெரிதாக விழுகிறது.

அந்தப் புத்தகங்களிலும் இந்திய ஊர்தான் இருக்கிறது. ஆட்டோ, கிணறு, தெருக்குழாய் வரிசை. அப்படியானால் பழைய சென்னைப் பாடப்புத்தகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. என் அனுபவத்தில் வித்தியாசம் பெரிது. கதைக்குள் வருகிற அந்நியப் பொருளைப் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொள்வதோடு நிற்பதில்லை, விசாரிக்கிறார்கள். ‘ஏன் டீச்சர் அந்த அக்கா வீட்டுல பைப்பு இல்ல?’ என்று கேட்ட பிள்ளைக்குத் தெருக்குழாய் பதிலாக வரவில்லை, கேள்வியாக வந்தது. அந்நியமாக இருப்பது தவறில்லை. அசையாமல் இருப்பதுதான் தவறு.

ஆனாலும் நம் பிள்ளைக்கு நம் ஊர்ப் புத்தகமும் வேண்டும். அதற்கு எனக்கு வழிகாட்டியவர் சில்வியா ஆஷ்டன் வார்னர். நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். இங்கிலீஷ் வீட்டுப் பிள்ளைகள் நாய்க்குட்டியோடு விளையாடும் வாசகப் புத்தகம் தன் பிள்ளைகளின் வாயில் ஒட்டவில்லை என்று கண்டு, ஒவ்வொரு பிள்ளையிடமும் ‘இன்றைக்கு உனக்கு என்ன சொல் வேண்டும்?’ என்று கேட்டு, அந்தச் சொல்லை அட்டையில் எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் கேட்டவை பயம், முத்தம், பேய் மாதிரியான சொற்கள். அவற்றிலிருந்து அவர்களே புத்தகம் செய்தார்கள். 1963இல் வந்த ‘டீச்சர்’ என்ற அவருடைய நூலில் இதெல்லாம் இருக்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் ஒரு புத்தகம் செய்தோம். பிள்ளைகளில் ஏழெட்டுப் பேருடைய பாட்டிமார் பால் வெட்டியவர்கள். தோட்டம் துண்டுபோடப்பட்டு, விற்கப்பட்டு, இப்போது அந்த நிலத்தில் வரிசை வீடுகள். ஒரு பாட்டியை வகுப்புக்கு அழைத்து அவர் காலைப்பொழுதைச் சொல்லச் சொன்னேன். பக்கத்துக்கு ஒரு பிள்ளை படம் வரைந்தது. பெரட்டுக்களம், நெற்றி விளக்கு, உளி, மங்கு, காண்டா வாளி, ஒட்டுப்பால், ஸ்டோர். இந்தச் சொற்களில் பாதி எந்தப் பாடநூலிலும் இல்லை. பாட்டிமார்களோடு போய்விடும் சொற்கள் அவை. ஒரு பையன் விளக்கு வெளிச்சத்தை மட்டும் மஞ்சளாக அடித்துவிட்டு மற்ற இடம் முழுக்கக் கறுப்பு அடித்தான். ‘ஆள் எங்கடா?’ என்றேன். ‘இருட்டா இருக்கு டீச்சர், பாட்டி உள்ள இருக்காங்க’ என்றான். அந்தப் பக்கத்துக்கு நான் ஒன்றும் எழுதவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் ஓர் அப்பா எழுந்து, “படம் பார்த்துக்கிட்டு இருந்தா எழுத்து எப்ப படிக்கிறது டீச்சர்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, கவலையில் கேட்டார். அந்தக் கவலையைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. தோட்டத்தை விட்டு வெளியேற ஒரே கதவு பரீட்சை என்று நம்பி வளர்ந்த தலைமுறை அது. அந்த நம்பிக்கை பொய்யும் இல்லை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் எடுக்கப்பட்டுவிட்டாலும், பயிற்சிப் புத்தகப் பழக்கம் போகவில்லை. அவரிடம் நான் சொன்னது இதுதான்: எழுத்துப் பயிற்சியை ஒரு நாளும் விடவில்லை, 247 எழுத்தும் வரிசைப்படி வரும். படப்புத்தகத்துக்குத் தினமும் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் பிள்ளை பேசுகிற தமிழ்தான் மற்ற நேரம் எழுதுகிற தமிழுக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. நீங்களும் வீட்டில் ஒரு பத்து நிமிஷம் ‘அப்புறம் என்ன?’ என்று கேளுங்கள், போதும்.

1957இல் இந்த நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530. தோட்டங்கள் மூடியபோது மூடியவை பல. இருப்பவற்றிலும் நூற்றைம்பது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகள் ஏராளம். பள்ளியைக் காப்பாற்ற வேண்டும் என்று மேடைகளில் பேசுகிறோம், கட்டடம் கேட்கிறோம், நிலம் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஓர் ஆறு வயதுப் பிள்ளை தமிழில் யோசித்து, தமிழில் சண்டை போட்டு, தமிழில் சிரிக்கிற இடமாக அந்தக் கட்டடம் இருக்கிறதா என்பது முதலாம் ஆண்டு வகுப்பில், முதல் சில மாதங்களில் தீர்மானமாகிவிடுகிறது. அதற்குப் பிறகு தமிழ் ஒரு பாடமாக இருக்கும், மதிப்பெண்ணும் வரும்.

நாங்கள் செய்த புத்தகம் பன்னிரண்டு பக்கம். ஓரத்தை நூலால் தைத்து, மேலே நெகிழி உறை போட்டிருக்கிறோம். வாரம் ஒரு பிள்ளை அதை வீட்டுக்கு எடுத்துப் போகும். திரும்பி வரும்போது ஓரத்தில் யாராவது ஏதாவது எழுதியிருப்பார்கள். ஒரு தாத்தா ‘காண்டா வாளி இப்படி இருக்காது’ என்று பேனாவால் பக்கத்திலேயே சரியாக வரைந்து அனுப்பியிருந்தார்.